ஒரு ரூபாய் விமான டிக்கெட்: லாபம் யாருக்கு?

“ஒரு ரூபாய்க்கு விமான டிக்கெட்! 3 நாள் மட்டுமே!”

இப்படி ஒரு விளம்பரத்தைக் கண்டால் யாருக்குத்தான் ஆசை வராது? ஒரு ரூபாய்க்கு டீ கூடக் கிடைக்காது. டவுன் பஸ்சில் அடுத்த நிறுத்தம் வரை கூடப் போக முடியாது. அந்தக் காசுக்கு ஆகாயத்தில் பறக்கலாம் என்றால் சும்மா இருக்க முடியுமா?

2014-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி இந்தியாவில் இப்படி ஒரு விற்பனை நடந்தது. ஏப்ரல் முதல் தேதி ஆயிற்றே, ஊரை முட்டாளாக்கும் வேடிக்கையோ என்று தோன்றும். வேடிக்கை அல்ல. ஸ்பைஸ்ஜெட் கம்பெனி, அடிப்படைக் கட்டணம் ஒரு ரூபாய் என்று உண்மையாகவே டிக்கெட் விற்றது. வரிகள் தனி. ஏப்ரலில் பணம் கட்ட வேண்டும். பிரயாணமோ ஜூலை முதல்தான்!

விற்பனையை நிறுத்தும்படி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவு போட்டது.

அதே ஆண்டு டிசம்பர் வந்தது. அதே கம்பெனியிடம் எரிபொருள் வாங்கப் பணம் இல்லை. எண்ணெய்க் கம்பெனிகள் கடன் கொடுக்க மறுத்தன. 17-ந் தேதி காலையில் விமானங்கள் கிளம்பாமல் நின்றன. பெட்டியும் கையுமாக வந்த பிரயாணிகள் விமான நிலையங்களில் தவித்தார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்பே, “ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டி டிக்கெட் விற்கக் கூடாது” என்று அந்தக் கம்பெனிக்குத் தடை போடப்பட்டிருந்தது.

பிறகு கம்பெனி கை மாறியது. பிழைத்துக் கொண்டது. அது வேறு கதை.

ஏப்ரல் விளம்பரத்தையும் டிசம்பர் தவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், மலிவு விற்பனை என்பதன் முழு உருவமும் தெரியும்.

இது மோசடியா? இல்லை. சொன்ன விலைக்குச் சில டிக்கெட்டுகளை நிச்சயம் விற்கிறார்கள். அந்த டிக்கெட்டில் ஏறிப் பறந்து, பத்திரமாக ஊர் திரும்பியவர்கள் ஏராளம். ஆனால், யாருக்கு லாபம் என்று கேட்டால் பதில் வேறு.

மாலை நேரத்து மல்லிகை

பூக்காரி காலையில் மல்லிகைப் பூவை என்ன விலை சொல்லுகிறாள்? இரவு 9 மணிக்கு என்ன விலைக்குக் கொடுக்கிறாள்? மறுநாள் அந்தப் பூ உதவாது. ஆகவே வந்த விலைக்குத் தள்ளி விடுகிறாள்.

விமானத்தில் ஓர் இடமும் பூவைப் போன்றதுதான். விமானம் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு, காலியாகக் கிடக்கும் இடத்துக்குக் காலணா மதிப்பு இல்லை. விமானிக்குச் சம்பளம் கொடுத்தாகி விட்டது. எரிபொருள் ஊற்றியாகி விட்டது. கூட ஓர் ஆள் ஏறினால் கூடுதல் செலவு மிகவும் கொஞ்சம். ஆகவே காலியாகப் போவதைவிட, கிடைத்த காசுக்கு விற்பது கம்பெனிக்கு லாபம்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பூக்காரி கடைசியில் விலையைக் குறைக்கிறாள். விமானக் கம்பெனியோ கடைசியில் விலையை ஏற்றுகிறது!

ஏன்? கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர் யார்? தகப்பனார் சாகக் கிடக்கிறார் என்று தந்தி போலச் செய்தி கேட்டு ஓடுகிறவர். நாளைக்கே நேர்முகப் பேட்டிக்குப் போக வேண்டிய பிள்ளை. கம்பெனிச் செலவில் போகும் அதிகாரி. இவர்கள் என்ன விலை சொன்னாலும் கொடுப்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும். அவசரம் இல்லாதவர் முன்கூட்டியே வருகிறார். அவர் விலை பார்த்துத்தான் வாங்குவார். ஆகவே அவருக்கு மலிவு.

180 பேர் உட்காரும் விமானம் ஒன்றை எடுத்துக் கொள்ளலாம். அதில் 180 இடத்துக்கும் ஒரே விலை கிடையாது. கணக்குக்காக இப்படி வைத்துக் கொள்வோம்: 10 இடம் ரூ.2,500. அடுத்த 30 இடம் ரூ.4,000. அதற்கு அடுத்த 60 இடம் ரூ.6,000. கடைசியில் எஞ்சும் இடங்கள் ரூ.12,000. முதல் தட்டு விற்றுத் தீர்ந்ததும் அடுத்த தட்டைத் திறப்பார்கள். எந்தத் தட்டில் எத்தனை இடம் என்பது கம்பெனிக்குத் தெரியும். வாங்குகிறவருக்குத் தெரியாது.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் “ரூ.2,500” என்று இருக்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில் “முதல்” என்று இருக்கும். அந்தச் சின்ன “முதல்” என்ற வார்த்தைதான் கம்பெனிக்கு முதல்!

அமெரிக்காவில் பிறந்த யுக்தி

இந்த யுக்தி அமெரிக்காவில் வளர்ந்தது. 1977-ம் ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்ற கம்பெனி “சூப்பர் சேவர்” என்ற பெயரில் மலிவு டிக்கெட் விற்றது. நிபந்தனைகள் இருந்தன. பல நாட்களுக்கு முன்பே வாங்க வேண்டும். போன ஊரில் சில நாட்கள் தங்கித்தான் திரும்ப வேண்டும்.

இந்த நிபந்தனையில்தான் சூட்சுமம் இருக்கிறது. வியாபார விஷயமாகப் போகிறவர் காலையில் போய் மாலையில் திரும்புவார். அவரால் நாள் கணக்கில் தங்க முடியாது. ஆகவே அவர் முழு விலை கொடுத்தே தீர வேண்டும். உல்லாசப் பிரயாணிக்கு மட்டும் மலிவு. ஒரே விமானம், ஒரே மாதிரி நாற்காலி, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவர் கொடுத்த விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

இந்த வேலைக்குப் பின்னால் இருந்த மூளை ராபர்ட் கிராண்டால் என்பவருடையது. பிறகு அவர் அந்தக் கம்பெனியின் தலைவர் ஆனார்.

1978-ம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம், விமானக் கட்டணத்தை நிர்ணயிக்கும் பொறுப்பைக் கைவிடச் சட்டம் செய்தது. போட்டி கிளம்பியது. 1981-ல் “பீப்பிள் எக்ஸ்பிரஸ்” என்ற புதுக் கம்பெனி வந்தது. எல்லா இடமும் மலிவு என்பது அதன் கொள்கை. கிராண்டால் என்ன செய்தார்? 1985 ஜனவரியில், பீப்பிள் எக்ஸ்பிரஸ் கட்டணத்துக்கு இணையாகத் தம் விமானங்களில் சில இடங்களை மட்டும் விற்றார். எத்தனை இடத்தை மலிவாகக் கொடுப்பது, எத்தனை இடத்தை அதிக விலைக்குப் பிடித்து வைப்பது என்பதை கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொன்னது. பீப்பிள் எக்ஸ்பிரசிடம் அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் ஏற்பாடு இல்லை. 2 ஆண்டுகளில், 1987-ல், அந்தக் கம்பெனி மறைந்தது.

எல்லோருக்கும் மலிவாக விற்றவர் போனார். சிலருக்கு மட்டும் மலிவாக விற்றவர் நிலைத்தார்! இன்று உலகம் முழுவதும் நடக்கும் மலிவு விற்பனைகள் எல்லாம் இந்த வெற்றியின் பிள்ளைகள்தான்.

1992-ம் ஆண்டுக் கோடைக்காலத்தில் வேறு ஒரு கூத்து நடந்தது. அமெரிக்கக் கம்பெனிகள் ஒன்றோடொன்று மோதிக் கொண்டு பாதிக் கட்டணம் என்று அறிவித்தன. ஜனங்கள் டெலிபோனை விடவில்லை. விமானங்கள் நிரம்பி வழிந்தன. கம்பெனிகளுக்கோ அந்த ஆண்டு பெரும் நஷ்டம். அந்தக் கோடையில் டிக்கெட் வாங்கியவர்களுக்கு உண்மையான லாபம் என்று தயங்காமல் சொல்லலாம். ஒரு கம்பெனி தானாக யோசித்து அறிவிக்கும் “சலுகை” வேறு. இரண்டு கம்பெனிகள் ஆத்திரத்தில் விலையை வெட்டுவது வேறு. முன்னதில் கணக்கு கம்பெனியின் கையில் இருக்கிறது. பின்னதில் யார் கையிலும் இல்லை.

இந்தியாவில் சாமானிய மனிதனுக்கு விமானத்தின் கதவைத் திறந்தது ஏர் டெக்கான். 2003-ல் கேப்டன் கோபிநாத் அதைத் தொடங்கினார். (2020-ல் வந்த “சூரரைப் போற்று” படம் அவருடைய வாழ்க்கையைத் தழுவியதுதான்.) குடும்பத்தில் முதன் முதலாக விமானம் ஏறியது ஏர் டெக்கானில்தான் என்று சொல்லும் வீடுகள் பல உண்டு. அந்தப் பெருமை அதற்கு உரியது. ஆனால் கம்பெனிக்குக் கட்டுப்படியாகவில்லை. கிங்பிஷர் கைக்குப் போயிற்று. கிங்பிஷர் 2012-ல் பறப்பதை நிறுத்தியது.

ஆடியில் வாங்கி ஆடியிலேயே உடுத்தணும்!

ஆடி மாதத்தில் ஜவுளிக் கடைகளில் ஏன் தள்ளுபடி? ஆடியில் கல்யாணம் இல்லை. வியாபாரம் மந்தம். ஆகவே தள்ளுபடி. விமானத்துக்கும் அது மந்தமான காலந்தான். கோடை விடுமுறை முடிந்து விட்டது. மழைக்காலம். தீபாவளி இன்னும் வரவில்லை. ஆகவே அங்கும் தள்ளுபடி.

ஆனால் ஆடியில் வாங்கிய புடவையைப் பெட்டியில் வைத்துத் தீபாவளிக்கு உடுத்தலாம். விமான டிக்கெட்டை அப்படிச் செய்ய முடியாது. மந்த காலத்துக்கு விற்ற டிக்கெட்டில் மந்த காலத்தில்தான் பறக்க வேண்டும். தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல், மே மாத விடுமுறை ஆகிய நாட்களுக்குச் சலுகை பெரும்பாலும் கிடையாது. சின்ன எழுத்தில் “இந்தத் தேதிகள் நீங்கலாக” என்று போட்டிருப்பார்கள்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைவிட வேறு என்ன இடைஞ்சல் வேண்டும்? மலிவாக இருக்கும் மாதத்தில் பரீட்சை. பரீட்சை முடிந்த மாதத்தில் மலிவு இல்லை!

கும்பகோணத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக் கொள்ளலாம். தாய், தகப்பன், 2 பிள்ளைகள். டெல்லியில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போக வேண்டும் என்று வெகு நாளாக ஆசை. ரெயிலில் போனால் சென்னையிலிருந்து 2 இரவு, ஒரு பகல். அப்போது மலிவு விற்பனை விளம்பரம் வருகிறது. “ரூ.2,500 முதல்.” தகப்பன் கணக்குப் போடுகிறார். நாலு பேருக்குப் போக வர ரூ.20,000. பரவாயில்லை!

டிக்கெட் வாங்க உட்காருகிறார். 4 பேர் என்று போடுகிறார். விலை ரூ.4,000 என்று வருகிறது. என்ன ஆயிற்று? மலிவுத் தட்டில் 3 இடந்தான் மிச்சம். 4 பேருக்குச் சேர்த்துக் கேட்டதால், கம்ப்யூட்டர் 4 பேரையும் அடுத்த தட்டுக்கு ஏற்றி விட்டது! 3 பேருக்குத் தனியாகவும், ஒருவருக்குத் தனியாகவும் கேட்டிருந்தால் 3 பேருக்காவது மலிவு விலை கிடைத்திருக்கும். இது பலருக்குத் தெரியாத விஷயம். குடும்பத்தோடு போகிறவர்கள் முதலில் ஓர் ஆளுக்கு என்ன விலை என்று பார்த்து விட்டுப் பிறகு 4 பேருக்குப் பார்ப்பது நல்லது.

சின்னப் பிள்ளைக்குப் பாதிக் கட்டணம் உண்டா? ரெயிலில் தனிப் படுக்கை கேட்காத சிறு பிள்ளைக்கு அரை டிக்கெட் உண்டு. மலிவு விமானத்தில் 2 வயது நிரம்பினால் தனி இடம் வாங்க வேண்டும். விலை ஏறக்குறைய பெரியவர்களுக்கு உள்ளதுதான்.

இன்னும் இருக்கிறது. பிடித்த இடமாகப் பார்த்து உட்கார வேண்டுமா? அதற்குக் கட்டணம். சாப்பாட்டுக்குக் கட்டணம். அத்தைக்கு முறுக்கும் அதிரசமும் அப்பளமும் கட்டி எடுத்துப் போனால், உள்நாட்டு விமானத்தில் ஓர் ஆளுக்கு 15 கிலோ பெட்டி இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் தண்டம். சிங்கப்பூர், மலேசியா போகும் மலிவு விமானங்களில் அடிமட்ட விலை டிக்கெட் என்றால் கைப்பை மட்டுமே. பெட்டிக்குத் தனியாகக் கட்ட வேண்டும். திருச்சியிலிருந்து போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

மலிவு டிக்கெட் பெரும்பாலும் எந்த விமானத்தில் கிடைக்கும்? அதிகாலை 5 மணிக்கும் நடு இரவுக்கும் கிளம்புகிற விமானத்தில். கும்பகோணத்துக்காரர் முந்தின நாளே சென்னைக்கு வந்து லாட்ஜில் தங்க வேண்டும். டாக்சி வைத்து மீனம்பாக்கம் போக வேண்டும். விமானத்தில் மிச்சம் பிடித்ததை டாக்சிக்காரரும் லாட்ஜ்காரரும் பங்கு போட்டுக் கொள்வார்கள்.

எதில் பாதி?

“பாதி விலை” என்றால் எதில் பாதி? புடவைக்கு விலைச் சீட்டு தொங்குகிறது. பழைய விலை ரூ.1,000 என்று கோடு போட்டு அடித்து, ரூ.500 என்று எழுதியிருப்பார்கள். அதிலேயே ஆயிரம் தில்லுமுல்லு நடக்கிறது. விமான இடத்துக்கோ பழைய விலை என்று ஒன்று கிடையவே கிடையாது. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. ஆகவே எந்த விலையை வேண்டுமானாலும் முழு விலை என்று சொல்லலாம். அதில் பாதி என்றும் சொல்லலாம்.

இதற்குச் சுலபமான மருந்து ஒன்று உண்டு. பால் கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகம் போதும். போக வேண்டிய ஊர், போக வேண்டிய மாதம் தெரிந்து விட்டால், வாரத்துக்கு ஒரு முறை விலையைப் பார்த்துக் குறித்து வைக்கலாம். ஒரு மாதம் குறித்தால் சாதாரண விலை எது என்று பிடிபட்டு விடும். பிறகு “மாபெரும் விற்பனை” வரும்போது நோட்டைப் புரட்டிப் பார்த்தால் விஷயம் வெளிச்சமாகி விடும். போன வாரம் விளம்பரம் இல்லாமல் விற்ற விலையும், இந்த வாரம் கொட்டு மேளத்தோடு விற்கும் விலையும் சில சமயம் ஒன்றாகவே இருக்கும்!

“இந்த விலையில் 2 இடந்தான் பாக்கி” என்று சிவப்பு எழுத்தில் வரும்போது நெஞ்சு பதறுகிறது. விமானத்திலேயே 2 இடந்தான் பாக்கி என்று அர்த்தம் அல்ல. அந்தத் தட்டில் 2 இடம். அவ்வளவே.

வட்டி இல்லாத கைமாற்று

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் பணம் யார் கையில் இருக்கிறது என்பது.

6 மாதம் கழித்துச் செய்யும் பிரயாணத்துக்கு இன்றே பணம் கட்டுகிறார்கள். அது என்ன? கம்பெனிக்கு வட்டி இல்லாமல் கொடுத்த கைமாற்று. பத்தாயிரம் பேர், லட்சம் பேர் கொடுத்தால் பெரிய தொகை. கையில் பணம் இல்லாத கம்பெனிக்கு இதைவிடச் சுலபமான கடன் உண்டா? பாங்கிக்காரன் ஜாமீன் கேட்பான். பிரயாணி கேட்க மாட்டான்.

கம்பெனி நன்றாக நடந்தால் கவலை இல்லை. நடக்காவிட்டால்?

ஜெட் ஏர்வேஸ் பெரிய கம்பெனி. 25 ஆண்டுகளுக்கு மேல் பறந்த கம்பெனி. 2019 ஏப்ரல் 17-ந் தேதியோடு பறப்பதை நிறுத்தியது. கோ பர்ஸ்ட் கம்பெனி 2023 மே 2-ந் தேதி திவால் மனு போட்டது. மறுநாள் முதல் விமானம் இல்லை. மே மாத விடுமுறைக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்த குடும்பங்கள் கையைப் பிசைந்தன. வேறு விமானத்தில் கடைசி நேர விலை கொடுத்துப் போனவர்கள் உண்டு. போகாமல் வீட்டில் இருந்தவர்களும் உண்டு. கம்பெனி திவாலாகி விட்டால், டிக்கெட் வாங்கியவர் கடன்காரர்கள் வரிசையில் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான். 2025 ஜனவரியில் கோ பர்ஸ்ட் கம்பெனியைக் கலைத்து, சொத்துக்களை விற்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

ஆகவே, ஒரு கம்பெனி அடிக்கடி மலிவு விற்பனை செய்கிறது, விமானங்களைத் திடீர் திடீரென ரத்து செய்கிறது, சிப்பந்திகளுக்குச் சம்பளம் தாமதம் என்று பத்திரிகையில் செய்தி வருகிறது என்றால், அதனிடம் 8 மாதம் முன்பே பணம் கட்டுவது புத்திசாலித்தனம் ஆகாது. மலிவு என்பதற்காக அல்ல, மலிவு ஏன் என்பதற்காகவே யோசிக்க வேண்டும்.

யார் வாங்கலாம்?

பென்ஷன் வாங்கும் தம்பதிகள் தாராளமாக வாங்கலாம். காசிக்கு ஆடியில் போனால் என்ன, மாசியில் போனால் என்ன? விசுவநாதர் எங்கும் போய்விடமாட்டார். தேதியைப் பற்றிக் கவலை இல்லாதவருக்காகவே ஏற்பட்டது மலிவு விற்பனை. லீவு கேட்கத் தேவையில்லாத சொந்தத் தொழில்காரர், கல்யாணம் ஆகாத வாலிபர் ஆகியோரும் வாங்கலாம்.

பேரன் பிறக்கப் போகிறான் என்று துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போக நினைக்கும் தாயார் யோசித்து வாங்க வேண்டும். குழந்தை டிக்கெட் தேதியைப் பார்த்துப் பிறப்பதில்லை. தேதியை மாற்றப் போனால், மாற்றும் கட்டணமும் அன்றைய விலை வித்தியாசமும் சேர்ந்து, மலிவு டிக்கெட்டின் விலையைத் தாண்டி விடும். முதலாளி லீவு கொடுப்பாரா என்று தெரியாமல் வளைகுடா நாட்டில் இருந்து டிக்கெட் வாங்கும் தொழிலாளிக்கும் இதுதான் கதி. அவர்களுக்குக் கொஞ்சம் விலை அதிகமானாலும், மாற்றவும் ரத்து செய்யவும் வசதி உள்ள டிக்கெட்தான் கடைசியில் மலிவு.

போக வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், விலையைப் பார்த்ததும் கோவாவுக்குக் கிளம்புகிறவர்கள் ஒரு ரகம். டிக்கெட்டில் ரூ.3,000 மிச்சம் பிடித்து, ஓட்டலில் ரூ.30,000 விட்டு வருவார்கள். அது அவர்கள் இஷ்டம். அதை மிச்சம் என்று மட்டும் வீட்டில் சொல்லக் கூடாது.

வாங்கிய டிக்கெட்டில் போக முடியாமல் போனால் எல்லாம் போயிற்று என்று பலர் பேசாமல் இருந்து விடுகிறார்கள். அது தவறு. இந்தியாவில் டிக்கெட் விலை என்பது முழுவதும் கம்பெனிக்குப் போவதல்ல. அதில் அரசாங்க வரி இருக்கிறது. விமான நிலையத்துக்குச் சேர வேண்டிய கட்டணம் இருக்கிறது. பிரயாணம் செய்யாதவரிடம் அவற்றை எடுத்துக் கொள்ளக் கம்பெனிக்கு உரிமை இல்லை. சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், “அடிப்படைக் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது” என்று போட்டிருந்தாலும், வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. ரத்துக் கட்டணமும் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டும் சேர்ந்த தொகைக்கு மேல் போகக் கூடாது.

டிக்கெட்டை ஏஜெண்டிடம் வாங்கியிருந்தால், “கம்பெனியைக் கேளுங்கள்” என்று ஏஜெண்டும், “ஏஜெண்டைக் கேளுங்கள்” என்று கம்பெனியும் பந்தாடுவது வழக்கம். ஏஜெண்டு கம்பெனியின் பிரதிநிதி. ஆகவே பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு கம்பெனியையே சேர்ந்தது என்றும் அதே விதி சொல்லுகிறது. ரூ.500 ஆனாலும் எழுதிக் கேட்டு வாங்கலாம்.